கடல் வரைபடத்துக்குள் இருந்த சமன்பாடு

அட்சரேகை இம்மியளவு கூடினால் கடல் வரைபடத்தின் உயரம் எவ்வளவு கூட வேண்டும்? அந்த இம்மியை அந்த அட்சரேகையின் சீகண்ட்டால், அதாவது கொசைனின் தலைகீழால், பெருக்கினால் வரும் அளவு. பாடநூலின் மொழியில் சொன்னால், உயரத்தின் மாறுவீதம் அட்சரேகையின் சீகண்ட்டுக்குச் சமம். திரிகோணமிதிச் சார்பு இடம்பெறும் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு இது. இன்று மேல்நிலை வகுப்பு மாணவர் இதை நான்கு வரியில் தீர்த்துவிடுகிறார். இந்தச் சமன்பாட்டுக்கு இணங்கிய உலக வரைபடம் அச்சானது 1569இல். அதன் தீர்வு இன்னதுதான் என்ற நிரூபணம் அச்சானது 1668இல். இடைப்பட்ட 99 ஆண்டுகளில் ஒருவர் தீர்வின் எண்களைக் கூட்டிக் கூட்டிக் கண்டார், இன்னொருவர் அந்த எண்களின் சாயலை வேறோர் அட்டவணையில் அடையாளம் கண்டார், அடுத்த தலைமுறை அதற்குக் காரணம் சொன்னது. நியூட்டனோ லைப்னிட்ஸோ நுண்கணிதத்தைப் பற்றி ஒரு பக்கமும் வெளியிடாத காலம் அது.

கேள்வி பிறந்த இடம் கப்பலின் மேல்தளம். கரை கண்ணில் படாத கடலில் மாலுமிக்கு எளிதான வழி, திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையைப் பிடித்துப் போவது. வடகிழக்கு என்றால் பகலும் இரவும் வடகிழக்கு. சுக்கான் பிடிப்பவருக்கு வேறு கட்டளை வேண்டாம். இப்படிப் போகும் கப்பலின் பாதை, குறுக்கே வரும் ஒவ்வொரு தீர்க்கரேகையையும் ஒரே கோணத்தில் வெட்டும். பூமி தட்டையாக இருந்தால் அது நேர்கோடு. உருண்டையாக இருப்பதால் துருவத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் சுருளாகிறது.

இதை முதலில் தெளிவாக ஆராய்ந்தவர் போர்ச்சுகலின் பெத்ரு நூனிஷ். மார்த்திம் அஃபோன்சு டி சோசா என்ற கடற்படைத் தளபதி பயணத்திலிருந்து திரும்பி எழுப்பிய ஐயங்களுக்கு விடையாக 1537இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரே திசையில் போகும் பாதையும் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையும் வேறு வேறு என்று காட்டினார். (இந்த டி சோசாதான் 1542இல் கோவாவின் ஆளுநரானவர். அவர் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பல் அணியில் வந்த பிரான்சிஸ் சேவியர், அதே ஆண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்ற வந்து சேர்ந்தார்.) நூனிஷ் ஆராய்ந்த சுருளுக்கு 1624இல் வில்லிபிரார்ட் ஸ்னெல் லோக்ஸோட்ரோம் என்று பெயர் வைத்தார், சாய்வான ஓட்டம் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

மாலுமிகளின் கையில் அப்போது இருந்தது தட்டை வரைபடம். அதில் தீர்க்கரேகைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, எங்கும் ஒரே இடைவெளியில் நிற்கும். உண்மையில் அவை துருவத்தை நோக்கி நெருங்குகின்றன. 60ஆம் பாகையில் பூமியைச் சுற்றும் அட்சவட்டம், நிலநடுக்கோட்டின் நீளத்தில் சரிபாதிதான். 60 பாகையின் கொசைன் அரை என்பதே காரணம். ஆகவே தட்டை வரைபடம் அங்கே கிழக்கு மேற்குத் தொலைவை இரண்டு மடங்காகக் காட்டும், வடக்கு தெற்குத் தொலைவைக் கூட்டாமல் விட்டுவிடும். திசை கெடும். கெட்ட திசையை நம்பிச் சுக்கானைத் திருப்பினால் கப்பல் எதிர்பாராத கரையில் போய் நிற்கும்.

பிழையின் அளவு கடலுக்குக் கடல் வேறுபட்டது. சென்னை இருக்கும் 13ஆம் பாகையில் சீகண்ட்டின் மதிப்பு 1.026, கன்னியாகுமரிக்கு அருகே 1.01. பலகையும் முடிச்சுக் கயிறும் கொண்டு துருவ விண்மீனின் உயரத்தை அளந்து இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் கப்பல் ஓட்டியவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு பிழை உறைத்திருக்காது. லண்டனின் அட்சரேகையில் அதே சீகண்ட் 1.6ஐத் தாண்டுகிறது. வட அட்லாண்டிக்கில் ஓடிய நாடுகளுக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

பிளாண்டர்ஸ் பகுதியில் 1512இல் பிறந்த ஜெரார்டஸ் மெர்கேட்டர் பூகோள உருண்டைகள் செய்து பெயர் பெற்றவர். மதக்குற்றம் சாட்டப்பட்டு 1544இல் சில மாதங்கள் சிறையில் இருந்தார். 1552இல் டூயிஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1569இல், 18 தாள்களில், ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்தில் அச்சிட்ட உலக வரைபடத்தைக் கடலோடிகளின் பயனுக்காகவே திருத்தி அமைத்ததாக அதன் தலைப்பிலேயே சொன்னார். அவருடைய யோசனை எளிது. தாளில் தீர்க்கரேகைகளை இணையாக வரைந்தால் அட்சவட்டங்கள் தவிர்க்கமுடியாமல் அகலமாக இழுபடுகின்றன. அப்படியானால் எந்த இடத்தில் அகலம் எத்தனை மடங்கு இழுபடுகிறதோ, அந்த இடத்தில் உயரத்தையும் அத்தனை மடங்கு இழுத்துவிட வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு இழுபட்டால் கோணம் கெடாது. ஒரே திசையில் போகும் பாதை தாளில் நேர்கோடாகிவிடும். மாலுமி அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, கோணத்தை அளந்து, சுக்கான்காரருக்குச் சொல்லலாம்.

அகலம் இழுபடும் மடங்கு, கொசைனின் தலைகீழ். அதுவே சீகண்ட். ஆனால் சீகண்ட் இடத்துக்கு இடம் மாறுகிறது. 10ஆம் பாகையில் ஒன்று, 11ஆம் பாகையில் இன்னொன்று. நிலநடுக்கோட்டிலிருந்து 30ஆம் பாகை எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று அறிய, வழியெங்கும் மாறிக்கொண்டே இருக்கும் இந்த மடங்குகளை எல்லாம் சேர்க்க வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மெர்கேட்டர் தம் யோசனையை வரைபடத்தின் குறிப்பில் எழுதினார். கோடுகளை எப்படிக் கணக்கிட்டார் என்பதைச் சொல்லவில்லை. அவருடைய கோடுகள் உயர்ந்த பாகைகளில் சற்றே பிசகியும் இருந்தன. மற்றவர்கள் அப்படியொரு வரைபடத்தைத் தாமே வரைய வழி இல்லாமல் போயிற்று.

வழியைத் திறந்தவர் எட்வர்ட் ரைட். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 1561இல் பிறந்து, கேம்பிரிட்ஜின் கீஸ் கல்லூரியில் ஆய்வறிஞராக இருந்தவர். 1589இல் கம்பர்லாண்ட் பிரபுவின் கப்பல்களோடு அசோர்ஸ் தீவுகளுக்குப் போனார். ஏட்டுக் கல்வியில் தேர்ந்த ஒருவர் தட்டை வரைபடத்தை நடுக்கடலில் வைத்துப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். பிழைகள் எங்கே, எவ்வளவு என்று திரும்பி வந்து எழுதினார். கப்பலோட்டத்தில் நேரும் பிழைகளைப் பற்றிய அந்த நூல் 1599இல் வெளிவந்தது.

நூலில் ரைட் தரும் ஓர் உவமை அழகானது. பூகோளத்தை ஊதிப் பெரிதாக்கும் தோற்பையாக நினைத்து, அதை ஓர் உருளைக்குள் வைத்து ஊதச் சொல்கிறார். நிலநடுக்கோடு முன்பே உருளையின் உட்சுவரைத் தொட்டு நிற்கிறது. மற்ற இடங்கள் அகலத்திலும் நீளத்திலும் ஒரே அளவாக உப்பி, ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டுகின்றன. உருளையைப் பிரித்து விரித்தால் வரைபடம் கிடைக்கிறது. சமன்பாட்டின் உள்ளடக்கம் முழுவதும் இந்தத் தோற்பைக்குள் அடங்கியிருக்கிறது.

உவமையைவிடப் பெரிய கொடை அவருடைய அட்டவணை. கணக்கின் போக்கை 30 பாகை வரை ஒருமுறை செய்து பார்க்கலாம். முதலில் 10 பாகைப் படிகளாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு படியும் 600 கலை. ஒரு கலை என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு. 10, 20, 30 ஆகிய பாகைகளின் சீகண்ட் முறையே 1.0154, 1.0642, 1.1547. மூன்றையும் கூட்டி 600ஆல் பெருக்கினால் 1,940.6 வருகிறது. ஒவ்வொரு படியிலும் மேல்முனையின் சீகண்ட்டை எடுத்ததால் இது உண்மையைவிட அதிகம். கீழ்முனைகளை எடுத்தால் 1,847.8 வருகிறது, இது குறைவு. சரியான விடை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. படியைச் சுருக்கச் சுருக்க இரண்டு தொகைகளும் நெருங்கி வரும். ரைட் படியை ஒரு கலையாகச் சுருக்கினார். அப்போது 30ஆம் பாகை வரை 1,800 எண்களைக் கூட்ட வேண்டும்; கிடைக்கும் தொகை 1,888.4. பிழை ஒரு கலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 60ஆம் பாகை வரை கூட்டினாலும் பிழை அரைக் கலையைத் தாண்டாது. கடலில் அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியாலும் முடியாது.

80ஆம் பாகை வரை போக 4,800 கூட்டல்கள். எல்லாம் கையால், மையால். இன்று இதை எண்முறைத் தொகையிடல் என்கிறார்கள். மறக்கப்பட்டுவிட்ட எத்தனையோ கணிதச் சாதனைகளில் இந்தக் கூட்டலுக்கு முதலிடம் தரலாம். எல்லை, தொகையீடு என்ற சொற்கள் இல்லாத காலத்தில், எவ்வளவு சிறிய படி போதும் என்பதை உணர்ந்து நிறுத்தத் தெரிந்தவர் செய்த வேலை அது.

கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போகும் முன்பே பலர் கையில் சுற்றியது. வரைபடக் கலைஞர் யோடோகஸ் ஹோண்டியஸ், அனுமதியின்றி வெளியிடமாட்டேன் என்று சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த முறையிலேயே வரைபடங்களை அச்சிட்டுவிட்டார். ஏபிரகாம் கெண்டல் என்ற கப்பல் தலைவர் இன்னொரு பிரதியை வாங்கிப் போனார். 1596இல் கடலில் இறந்தார். அவருடைய உடைமைகளில் கிடைத்த பிரதியை அவரே எழுதியதாக நினைத்துப் பதிப்பிக்க ஏற்பாடு நடந்தது. அது கம்பர்லாண்ட் பிரபுவிடம் வந்து, அவர் காட்டியபோதுதான் ரைட் தம் எழுத்தைத் தாமே அடையாளம் கண்டார். நூலை உடனே வெளியிடத் தூண்டியவை இந்தச் சம்பவங்கள்தான்.

ரைட்டின் அட்டவணை கையில் இருந்தால் எவரும் மெர்கேட்டர் வரைபடம் வரையலாம். கப்பலோட்டிகளுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறதா என்ற கேள்வி எஞ்சியது.

விடைக்கான கருவி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614இல் மடக்கைகளை வெளியிட்டார். பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றும் அந்த நூலை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் எட்வர்ட் ரைட்தான். 1615இல் அவர் இறந்தார். மொழிபெயர்ப்பு மறு ஆண்டு வெளிவந்தது. தாம் ஆண்டுக்கணக்கில் கூட்டிச் சேர்த்த எண்களும் கடைசி நாள்களில் தாம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மடக்கைகளும் ஒன்றே என்பதை அறியாமலே அவர் போய்விட்டார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அடுத்த படி சிறியது. லண்டனின் கிரஷாம் கல்லூரிப் பேராசிரியர் எட்மண்ட் குண்டர் 1620இல் சைன், டேன்ஜென்ட் ஆகியவற்றின் மடக்கைகளை அட்டவணையாக அச்சிட்டார். கப்பலோட்டம் கற்பிப்பவர்களின் மேசையில் இப்போது இரண்டு அட்டவணைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன: ரைட்டின் சீகண்ட் கூட்டலும் குண்டரின் டேன்ஜென்ட் மடக்கையும். லண்டனில் கணிதமும் கப்பலோட்டமும் கற்பித்த ஹென்றி பாண்ட், 1645ஐ ஒட்டி, இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டார்.

அட்சரேகையில் பாதியை எடுத்து 45 பாகையோடு கூட்ட வேண்டும். வரும் கோணத்தின் டேன்ஜென்ட்டுக்கு மடக்கை பார்க்க வேண்டும். 30ஆம் பாகைக்குப் பாதி 15; 45ஐக் கூட்டினால் 60. 60 பாகை டேன்ஜென்ட்டின் மடக்கை 0.23856. ரைட்டின் முறையில் வந்த 1,888.4ஐ இதனால் வகுத்தால் 7,916க்கு அருகே ஓர் எண் வருகிறது. 45ஆம் பாகைக்கு ரைட்டின் முறை தருவது ஏறத்தாழ 3,030, அதற்குரிய கோணம் 67 பாகை 30 கலை, மடக்கை 0.38278. வகுத்தால் மறுபடியும் அதே 7,916. 60ஆம் பாகைக்குச் செய்தாலும் அதுவே. எந்த வரியை எடுத்தாலும் அந்த எண் மாறவில்லை. பின்னாளில் கப்பலோட்டக் கையேடுகளில் 7,915.7 என்று நிலைத்துவிட்ட மாறிலி இதுதான்.

கண்டது கண்டதுதான், ஆனால் ஏன் என்று பாண்டுக்குச் சொல்ல முடியவில்லை. பல்லாயிரம் இடங்களில் ஒத்துப்போவது மாலுமிக்குப் போதும். கணித அறிஞருக்குப் போதாது. 1666இல் ராயல் சொசைட்டியின் இதழில் ஓர் அறிவிப்பு வந்தது: சீகண்ட் கூட்டலும் டேன்ஜென்ட் மடக்கையும் ஒன்றா இல்லையா என்பதன்மேல் பந்தயம் கட்டத் தயார் என்று எழுதியிருந்தார் நிக்கோலஸ் மெர்கேட்டர். வரைபட மெர்கேட்டருக்கும் இவருக்கும் உறவு கிடையாது. அவருடைய குடும்பப் பெயர் கிரெமர், இவருடையது கௌஃப்மன். இரண்டுக்கும் பொருள் வணிகர், அதை லத்தீனாக்கினால் இருவருமே மெர்கேட்டர்.

இதற்கிடையே அச்சேறாமல் போன ஒரு விடையும் உண்டு. வால்டர் ராலியிடம் பணியாற்றி அவருடைய கப்பல் தலைவர்களுக்குக் கடற்கணக்கு கற்பித்த தாமஸ் ஹேரியட், 1614 வாக்கிலேயே இந்த எண்களைத் தம் வழியில் மிகத் துல்லியமாகக் கணித்திருந்தார். நேப்பியரின் மடக்கையை நாடாமலே அதைச் செய்தார். 1621இல் இறந்தார். அவருடைய தாள்களை ஆய்வாளர்கள் புரட்டி இதை மீட்டெடுத்தது 20ஆம் நூற்றாண்டில்.

முதல் நிரூபணத்தை அச்சிட்டவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரி, 1668இல். அது சரியானது, ஆனால் வடிவியல் விகிதங்களின் நீண்ட சங்கிலி. படித்து முடிப்பதே கடினம் என்று பின்வந்தவர்கள் குறைப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில், 1670இல், ஐசக் பாரோ தம் வடிவியல் விரிவுரைகளில் சுருக்கமான வழியைக் கொடுத்தார். கேம்பிரிட்ஜின் லூகாசியப் பேராசிரியர் பதவியை அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் நியூட்டனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

பாரோவின் வழியை இன்றைய சொற்களில் சொல்லிவிடலாம். சீகண்ட் என்பது ஒன்றின் கீழ் கொசைன். மேலும் கீழும் கொசைனால் பெருக்கினால், மேலே கொசைன், கீழே கொசைனின் வர்க்கம். கீழே இருப்பது ஒன்று கழித்தல் சைனின் வர்க்கம். அதை (1 − சைன்) என்றும் (1 + சைன்) என்றும் இரண்டு காரணிகளாகப் பிரிக்கலாம். ஒரு பின்னம் இரண்டு பின்னங்களாகிறது. சைனின் மாறுவீதம் கொசைன் என்பதால், ஒவ்வொரு பின்னமும் தொகையிடும்போது மடக்கையாக மாறுகிறது. இறுதியில் கிடைப்பது, (1 + சைன்) என்பதை (1 − சைன்) என்பதால் வகுத்து வருவதன் இயல் மடக்கையில் பாதி. பகுதி பின்னங்களாகப் பிரித்துத் தொகையிடும் முறை தலைகாட்டிய மிக முந்தைய இடங்களில் இது ஒன்று.

30ஆம் பாகையில் சைன் அரை. ஒன்றரையை அரையால் வகுத்தால் 3. மூன்றின் இயல் மடக்கையில் பாதி 0.5493. ரேடியனைக் கலையாக்க 3,437.75ஆல் பெருக்கினால் 1,888.4. ஆயிரத்து எண்ணூறு கூட்டல்களில் ரைட்டின் முறை சென்று சேரும் அதே எண்.

வகுப்பறைகளில் சீகண்ட்டைத் தொகையிட, சீகண்ட்டும் டேன்ஜென்ட்டும் சேர்ந்த கூட்டலால் மேலும் கீழும் பெருக்கச் சொல்லித்தருவது வழக்கம். விடை சரியாக வரும். அந்தக் கூட்டல் எங்கிருந்து குதித்தது என்று எந்த மாணவருக்கும் புரியாது. பாரோவின் வழியில் ஒவ்வொரு படிக்கும் காரணம் கண்முன்னே நிற்கிறது. பாடநூல்கள் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வால்மீனால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹேலி 1696இல் இன்னொரு நிரூபணம் வெளியிட்டார். துருவத்தை நடுவில் வைத்துப் பூமியைத் தட்டையாக்கும் பழைய வீழ்ப்பு ஒன்று உண்டு. அதில் கோணங்கள் மாறா. தீர்க்கரேகைகள் மையத்திலிருந்து விரியும் ஆரைகளாகின்றன. ஒரே திசையில் போகும் கப்பலின் பாதை, எல்லா ஆரைகளையும் ஒரே கோணத்தில் வெட்டும் சமகோணச் சுருளாகிறது. அந்தச் சுருளில் சுற்றிய கோணம், மையத்திலிருந்து உள்ள தூரத்தின் மடக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மையத்திலிருந்து தூரமோ ஒரு பாதிக்கோணத்தின் டேன்ஜென்ட். பாண்ட் அட்டவணையில் கண்ட அனைத்தும் ஒரே படத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. ஹேலி வெறும் மேசைக் கணிதர் அல்லர். அடுத்த சில ஆண்டுகளில் பாரமோர் கப்பலை அட்லாண்டிக்கில் ஓட்டி, திசைகாட்டி முள்ளின் விலகலை அளந்து, 1701இல் மெர்கேட்டர் முறை வரைபடத்திலேயே கோடுகளாக வெளியிட்டார்.

இதே சமன்பாடு கப்பலின் பாதையையும் தருகிறது. தீர்க்கரேகையின் மாறுவீதம், கப்பல் பிடித்த கோணத்தின் டேன்ஜென்ட்டையும் அட்சரேகையின் சீகண்ட்டையும் பெருக்கினால் வருவது. துருவத்தை நெருங்கும்போது சீகண்ட் எல்லையின்றிப் பெருகுவதால் பாதை துருவத்தைக் கணக்கற்ற முறை சுற்றுகிறது. ஆனால் அதன் நீளத்துக்கு எல்லை உண்டு: நிலநடுக்கோட்டிலிருந்து வடகிழக்காகவே போனால் மொத்தம் சுமார் 7,637 கடல் மைல். கணக்கற்ற சுற்றுகள், எண்ணிவிடக்கூடிய தூரம்.

லைப்னிட்ஸ் தம் நுண்கணிதத்தை 1684இல் வெளியிட்டார். மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் முறைக்கு அவரும் யோகான் பெர்னூலியும் 1690களில் வடிவம் கொடுத்தார்கள். சீகண்ட் சமன்பாடு அதன்பின் சாதாரணப் பயிற்சிக் கணக்காகிவிட்டது. வரைபடமோ பள்ளிச் சுவர்களில் ஏறியது. அங்கே அது இழைத்த தீங்கு உண்மையானது: ஆப்பிரிக்காவில் 14இல் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து அதற்கு ஏறக்குறைய இணையாகத் தெரிகிறது, ஏனெனில் பரப்பு சீகண்ட்டின் வர்க்க அளவில் உப்புகிறது. அதற்கான பழி, கடலுக்கு என்று செய்ததை வகுப்பறையில் மாட்டியவர்களைச் சேரும்.

கைப்பேசியில் விரலால் இழுத்துப் பார்க்கும் இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை இன்றும் இதே சமன்பாட்டின் தீர்வைத்தான் பயன்படுத்துகின்றன. பூமியை அவை சரியான கோளமாக எடுத்துக்கொள்கின்றன. துருவம் தாளில் முடிவிலிக்குப் போய்விடுவதால் எங்காவது வெட்டியாக வேண்டும். உலகம் முழுவதும் ஒரு சதுரத்துக்குள் அடங்குமாறு வெட்டுகிறார்கள். அகலம் 2 பை என்றால் நிலநடுக்கோட்டுக்கு மேலே பை, கீழே பை. உயரம் பை ஆகும் அட்சரேகை எது என்று சமன்பாட்டைப் பின்னோக்கித் தீர்த்தால் 85 பாகையும் 3 கலையும் வருகிறது. வரைபடம் அங்கே முடிகிறது.